அஸ்வெசும காசு சனத்தைச் சோம்பேறி ஆக்குமா?

வணக்கம். கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறேன். வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். காசு விழுகிற நாளில் வங்கி வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். யுத்த காலத்தில் நிவாரணம், மீள்குடியேறிய பிறகும் நிவாரணம், இப்போது இது. எங்கட சனம் உழைப்பை மறந்துவிடாதா? அந்தக் காசுக்கு ஒரு தொழிற்சாலை போட்டால் என்ன?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொழிற்சாலை கட்டாயம் வேண்டும். ஆனால் எழுபது தாண்டிய அம்மாவும் ஷெல் பட்டுக் கால் இழந்தவரும் அங்கே வேலைக்குப் போக முடியாதே. சரி, உழைக்கக்கூடியவர்களைப் பற்றியே பேசுவோம்.

வன்னியில் கூலி வேலை வருடம் முழுக்கக் கிடைப்பதில்லை. நெல் வெட்டு மெஷினுக்குப் போய்விட்டது. கார்த்திகை மழை பிடித்தால் கிழமைக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒட்டுசுட்டான் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, 2009இல் கணவரை இழந்தவர். முன்பெல்லாம் மாரி வந்தால் தோடு அடைவுக்குப் போகும். அது போதாவிட்டால் நுண்கடன். கிழமை தவறாமல் கடன்காரர் படலையில் வந்து நிற்பார். அந்தக் கடனை அடைக்க ஒருமுறை கறவை மாட்டை விற்றார். மாட்டோடு பால் காசும் போனது. மழை விட்டு வேலை தொடங்கிய பிறகும் அவரால் நிமிர முடியவில்லை.

இப்போது மாதம் 10,000 ரூபா அவர் கணக்கில் விழுகிறது. கடைக்கொப்பியில் அரிசி, மா, சீனிக்கு ஏறியிருப்பதை அதில் கழிக்கிறார். போன மாரியில் எதையும் விற்கவில்லை, புதுக் கடனும் எடுக்கவில்லை. கச்சான் பிடுங்கும் காலம் வந்ததும் முதல் ஆளாகத் தோட்டத்தில் நின்றார். 10,000 ரூபாவை வைத்துக்கொண்டு யார்தான் சும்மா இருக்க முடியும்? அது அவரிடம் இருப்பதை விற்கவிடாமல் காக்கிறது. அதற்காகத்தான் நான் ஆதரிக்கிறேன்.

இப்படிக் கொடுக்கும் காசு சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் போகும் என்றும் சொல்வார்கள். உலக வங்கிக்காக டேவிட் எவான்ஸ், அன்னா பொபோவா இருவரும் 2014இல் பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அந்தச் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2023 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டம் 22 குறிகாட்டிகளை வைத்து ஆட்களைத் தெரிவு செய்கிறது. மின்சாரப் பாவனை, சொத்து, வீட்டின் நிலை எல்லாம் கணக்கில் வரும். இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா மானியத்தில் கட்டிய கல்வீடு எங்கள் ஊர்களில் எத்தனை! சுவர் கல்லானதால் அடுப்பு எரிந்துவிடுமா? உள்ளே உழைக்க ஆளில்லாத குடும்பமும் படிவத்தில் வசதியானதாகத் தெரியும்.

உங்கள் கடைக்கு வருகிறவர்களில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். மேன்முறையீடு எழுதத் தெரியாமல் விட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா?