பட்டறை பதில்கள்: நாலு போல்ட்டில் தொங்கும் இன்ஜின்

கேள்வி: அண்ணா, 1990ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். 1.6 லீட்டர் எஞ்சின். இந்தக் குளிர்காலத்துக்குள் எஞ்சினை இறக்கி வீட்டுக் கராஜிலேயே பிரித்துப் பார்க்கப் போகிறேன். 450 கிலோ தாங்கும் என்று எழுதிய ஸ்டாண்ட் ஒன்றும் வாங்கியாயிற்று. அதோடு வந்த போல்ட் ஒன்றுகூட எஞ்சினில் ஏறவில்லை. எப்படி மாட்டினால் விழாமல் நிற்கும்? கனவில்கூட விழுகிறது.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: கனவில் விழுந்தால் பரவாயில்லை தம்பி. என்னுடையது நிஜமாகவே விழுந்தது. 1994, கோயம்புத்தூர் கணபதியில் வாடகைக் கொட்டகை. ஒரு கன்டெஸா கார் இன்ஜின், சேனல் இரும்பில் நாங்களே வெல்டு வைத்த ஸ்டாண்ட். கீழ் வலது ஓட்டைக்குப் போல்ட் நீளம் போதவில்லை. "நாலு மரை பிடித்தால் போதும்" என்று முடுக்கிவிட்டேன். மதியம் இன்ஜினைப் புரட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் தரையில் நசுங்கிக் கிடந்தது. என் கால் கட்டைவிரலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. போல்ட்டை எடுத்துப் பார்த்தால் நுனி மரைக்குள் கருப்பாக மாவு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. இன்ஜினின் வார்ப்பு உடலான பிளாக்கின் மரைதான் அது. வார்ப்பிரும்பு இழுபடாது, அப்படியே பொடிந்துவிடும்.

ஸ்டாண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்த 450 கிலோவைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அது இரும்புச் சட்டத்தின் கணக்கு. உங்கள் இன்ஜின் நிற்கப்போவது நாலு போல்ட்டில். ஸ்டாண்டின் சுழலும் குழாயின் நுனியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து நாலு இரும்புக் கை, ஒவ்வொரு கையையும் இன்ஜினின் பின்முகத்தோடு பிடிப்பது ஒரே ஒரு போல்ட்.

கணக்கைப் பாருங்கள். இன்ஜின் 140 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் கனத்தின் மையம் ஸ்டாண்ட் தட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே 25 சென்டிமீட்டர். 140ஐ 35ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 196. மேலே உள்ள இரண்டு போல்ட்டும் ஆளுக்கு ஏறக்குறைய 100 கிலோ இழுவையைத் தாங்குகின்றன. கீழ் இரண்டில் இழுவை இல்லை, அங்கே கைகள் பிளாக்கை அழுத்தி நிற்கின்றன. சரி, கீழே மட்டமான போல்ட் போட்டால் போச்சு என்று நினைக்காதீர்கள். இன்ஜினைத் தலைகீழாகப் புரட்டியதும் கீழ் மேலாகிவிடும். நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

ஸ்டாண்டோடு வந்த போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். அவை ஏறாதது நல்லதாகப் போயிற்று. கியர்பாக்ஸைக் கழற்றியபோது வந்த பெல் ஹவுசிங் போல்ட்டுகள்தான், அதாவது இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் மணி வடிவக் கூட்டைப் பிடித்திருந்தவைதான், உங்களுக்கு மாதிரி. பிட்ச் கேஜ் வைத்து மரையை அளந்து, அதே மரையில் நீளமான போல்ட் வாங்குங்கள். தலையில் 8.8 என்று பலத்தின் தரக்குறி பொறித்திருக்க வேண்டும், 10.9 கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றும் பொறிக்காத போல்ட்டைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எம்எக்ஸ்-5 பிளாக் வார்ப்பிரும்பு. போல்ட் என்ன விட்டமோ அதைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் மரை பிடிக்க வேண்டும், 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 15. அலுமினிய பிளாக்காக இருந்தால் இரண்டு மடங்கு கேட்பேன். ஸ்டாண்டின் கை, வாஷர் எல்லாவற்றின் தடிமனையும் கூட்டித்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அதற்காக ஒரேயடியாக நீளமும் கூடாது. ஓட்டை முட்டுச்சந்தாக இருந்தால் போல்ட் அடியில் போய் இடித்துக்கொள்ளும். ரெஞ்சுக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் ஸ்டாண்டின் கை ஆடிக்கொண்டிருக்கும். முதலில் கம்பி விட்டு ஆழம் பாருங்கள், அப்புறம் வெறும் விரலால் முழுக்கத் திருகிப் பாருங்கள்.

கைகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மேலே சொன்ன 35 சென்டிமீட்டர் 45 ஆனால் அந்த 196 கிலோ 252 ஆகிவிடும். ஆனால் உங்கள் இன்ஜினில் ஒரு தொல்லை இருக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் பின்புறம் இக்னிஷன் காயிலும் கேம் ஆங்கிள் சென்சாரும் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு இடம் விடுவதற்காகக் கையை நீட்டி வைக்காதீர்கள். இரண்டையும் கழற்றிவிட்டுக் கையைக் கிட்டத்தில் கொண்டுவாருங்கள்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை, அதுவும் இன்ஜின் இன்னும் காருக்குள் இருக்கும்போதே. இன்ஜினின் முன்னால், கிராங்க் என்ற சுழலும் தண்டின் நுனியில் இருக்கும் புல்லியின் நடு போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். ஐந்தாவது கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் போதும். ஸ்டாண்டில் ஏறும் இன்ஜினுக்கு கிளட்சும் அதைத் தாங்கும் ஃப்ளைவீல் சக்கரமும் இருக்காது, தட்டு உட்காரும் இடமே அதுதான். பிறகு கிராங்கைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. உங்கள் வண்டி 1990 என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1991 நடுவாக்கில் மாற்றும் வரை அந்த 1.6இல் கிராங்கின் மூக்கு குட்டை. புல்லி லேசாகத் தளர்ந்தாலும், அதைத் தண்டோடு பூட்டும் சாவியின் காடி தின்றுபோய், வால்வு திறக்கும் நேரமான டைமிங் நகர்ந்துவிடும். புல்லியின் நடுவில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிற்பாடு வந்த பெரிய மூக்கு. நாலு இருந்தால் பிரிக்கும்போது அந்தச் சாவியையும் காடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திரும்ப முடுக்குவதும் ஃப்ளைவீல் ஏறிய பிறகுதான்.

இனி ஏற்றும் முறை. ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் புரட்டலிலேயே கராஜ் நாறிவிடும். இன்ஜின் கிரேனில் தொங்கும்போதே ஃப்ளைவீலைக் கழற்றுங்கள். சுழலும் தட்டை ஸ்டாண்டிலிருந்து உருவித் தனியாக எடுத்து, முதலில் அதை இன்ஜினில் மாட்டுங்கள். நாலு கையும் தளர்வாகவே இருக்கட்டும். பிளாக்கில் போகும் நாலு போல்ட்டையும் முடுக்கிய பிறகுதான் கைகளைத் தட்டோடு இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கை கோணலாக நின்று போல்ட்டை வளைத்துப் பிடிக்கும். எம்10, 8.8 என்றால் 45 நியூட்டன் மீட்டர் போதும். அப்புறம் இன்ஜினின் பின்பக்கமாக ஸ்டாண்டைக் கொண்டுவந்து குழாயைச் செருகுங்கள். 

உடனே சங்கிலியை அவிழ்த்துவிடாதீர்கள். விரல் கனம் மட்டும் தளர்த்திவிட்டு, பூட்டு ஊசியை உருவி, கையால் இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஹெட் தானாகக் கீழே போகப் பார்த்தால் சுழலும் குழாயின் மையம் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். ஹெட்டோடு இருக்கும் இன்ஜினில் கனம் கிராங்குக்கு மேலேதான் இருக்கும். பலர் கிராங்கின் மையத்தையே குழாயின் மையமாக வைத்துவிட்டுப் பிறகு புரட்டும்போது மல்லுக்கட்டுகிறார்கள். தட்டை அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று மேலே நகர்த்துங்கள். ஒரு கையால் புரட்டி, விட்ட இடத்தில் நின்றால் சரியாக வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றிய பிறகு கனம் கீழே இறங்கிவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

தரையைக் கூட்டி வையுங்கள். ஒரு சின்னக் கல், ஒரு நட்டு சக்கரத்தில் மாட்டினால் போதும், தள்ளுகிற வேகத்தில் மொத்தமும் குப்புற வரும். மூன்று சக்கர ஸ்டாண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பக்கவாட்டில் தள்ளாமல் நீளவாக்கில் தள்ளுங்கள். ஹெட் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கும்போது இன்ஜினின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ஸ்டாண்டையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி அணி ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டுகிறது. கேடிஎம் 390 இன்ஜின். அதைச் சாதாரண இன்ஜின் ஸ்டாண்டில் மாட்ட முடியுமா?
– மாணவர், சேலம்

பதில்: முடியாது, தேவையும் இல்லை. மோட்டார்சைக்கிள் இன்ஜினில் கியர்பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது. பெல் ஹவுசிங் முகம் இல்லை, அப்புறம் எதில் போல்ட் போடுவீர்கள்? வண்டியின் ஃப்ரேமில் அது எந்த ஓட்டைகளில் தொங்கியதோ அதே ஓட்டைகளைப் பிடிக்கிற மாதிரி ஆங்கிளில் ஒரு சட்டம் வெல்டு வைத்து, மேஜையில் முடுக்கிவிடுங்கள். கேஸ் அலுமினியம். ஆங்கிளுக்கும் கேஸுக்கும் நடுவே சந்து இருந்தால் லேத்தில் ஒரு புஷ், அதாவது சந்தை நிரப்பும் வளையம், கடைந்து போடுங்கள். சந்தை மூட போல்ட்டை இறுக்கினால் கேஸில் போல்ட் போகும் காது உடைந்துவிடும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக்குப் போட்டிக்கு வரும்போது அந்தச் சட்டத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். பிட்டில் தார்ப்பாய் மேல் இன்ஜினைப் படுக்கப் போட்டுப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாகங்களை நேராக உட்கார வைக்கும் சின்ன டோவல் பின் ஒன்றைத் தேடியே ராத்திரி போய்விட்டது.

கேள்வி: போர்ஷே 911, ஏர் கூல்டு. நாலு கை ஸ்டாண்ட் சரிப்படுமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: தூக்கி வைக்க மட்டும் என்றால் சரிப்படும். பிரிக்க என்றால் வேண்டாம். அந்த இன்ஜினின் கேஸ் நடுவில் இரண்டாகப் பிளக்கிறது. நாலு கையும் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும்போது எப்படிப் பிளப்பீர்கள்? போர்ஷே பட்டறைகளில் பி 201 என்று நுகம் மாதிரி வளைந்த ஒரு பிடி உண்டு, அந்த மாதிரி ஒன்றை வாங்குங்கள். உங்களுடையது 1970களின் மக்னீசியக் கேஸாக இருந்தால் மரை வார்ப்பிரும்பை விட மென்மையாக இருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைக்காதீர்கள்.