திருப்பி அடிக்கும் புல்லட்டும் தேய்ந்த முட்டியும்

ஐயா, 68 வயதில் வலது முட்டி தேய்ந்திருக்கிறது, 86 மாடல் புல்லட்டை உதைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு 64, அதே வண்டி, அதே முட்டி. அவசரப்பட்டு விற்காதீர்கள்.

திருப்பி அடித்தால் முதலில் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தைப் பாருங்கள். தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். அது சரியென்றால், வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியை முன்னே தள்ளும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது துருப்பிடித்து ஒட்டியிருக்கும். என் வண்டியில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காமலே கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டிப் பணம் வாங்கினார் ஒரு மெக்கானிக்!

அப்புறம், பலத்தால் உதைக்கவே வேண்டாம். சாவியைப் போட்டு, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். அங்கே, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு எடையை மட்டும் அதன்மேல் போட்டு ஒரே சீராக இறக்குங்கள். முட்டியை விறைப்பாக நீட்டி வைக்கக் கூடாது. டீகம்ப்ரஸர் கேபிள் அறுந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போடும்போது பின்சக்கரத்தை ஓர் அங்குலப் பலகைமேல் ஏற்றிக்கொள்ளுங்கள், இடுப்பு பிழைக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் கிக்கர் அடிபட்ட இடத்தில் பெரிதாகக் கன்றிப்போகலாம். டாக்டரிடம் கேட்கும்வரை பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிக் கிக்கரை உதைக்க வையுங்கள். கிக்கரை அழுத்தும்போது அம்மீட்டர் முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.