நெய்வேலியில் விளக்குத் தொப்பி இல்லை

அன்புள்ள ஐயா,

நெய்வேலியைக் களமாக வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். போன மாதம் இரண்டு நாள் அங்கே தங்கினேன். அகலமான சாலைகள், வரிசையாக மரங்கள், சுத்தமான குடியிருப்புகள். நிலக்கரி ஊர் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. என் கதைநாயகன் தலையில் விளக்குத் தொப்பியோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறான், கூரை சரிகிறது. இது சரியா? கரி ஊரின் கறுப்பை எங்கே தேடுவது?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தத் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை மொத்தமாக அள்ளி மலைபோலக் குவித்துவிட்டு, அடியில் இருப்பதை வானம் பார்க்க வெட்டுகிறார்கள். கூரையே கிடையாது, எது சரியும்? அந்தக் காட்சி வேண்டுமென்றால் கதையை நிலத்தடிச் சுரங்கங்கள் உள்ள ராணிகஞ்சுக்கோ சிங்கரேணிக்கோ கொண்டுபோங்கள்.

கறுப்பையும் தேட வேண்டாம். அது பழுப்பு நிலக்கரி. அங்கே வேலை பார்த்த என் மாமா, ஒரு கோடை விடுமுறையில் ஒரு கட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஈரமாக இருந்தது, மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. ஊருக்கு எடுத்துவந்து அலமாரியில் வைத்தேன். காயக் காய வெடிப்பு விட்டு உதிர ஆரம்பித்தது. கடைசியில் அம்மா பெருக்கித் தள்ளிவிட்டார். அதன் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர். லாரியில் ஏற்றி வெகுதூரம் அனுப்பினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுப்போம். குவித்து வைத்தாலோ தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே அனல்மின் நிலையங்கள்.

தண்ணீர் என்று சொன்னேன் இல்லையா, உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டப்போய்த்தான் இந்தக் கரியே வெளியில் தெரிந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) உருவாகி, 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருந்தது. மேல்மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். எனவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு இறைத்து, அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் 1961இல் கரியைத் தொட முடிந்தது. அன்று ஓட ஆரம்பித்த பம்புகளை இன்றுவரை நிறுத்த முடியவில்லை. தீபாவளி, பொங்கல், வேலைநிறுத்தம், எதுவானாலும் அது ஓடியாக வேண்டும்.

நீங்கள் பார்த்த ஊர், நிறுவனக் குடியிருப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளே இருப்பது. வெளியே, முந்திரியும் பலாவும் நிற்கிற செம்மண் கிராமங்களுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் போதும், மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழியும் என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அதே ஊர்களில் போர் போட்டு ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் நெற்பயிருக்கு நடுவே நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. படம் பார்த்திருப்பீர்கள். அதுவும் கரி வெட்ட அல்ல, பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட.

அதனால், நானாக இருந்தால் நாயகனைச் சுரங்கத்தில் இறக்காமல் பம்பு ஷிப்டில் உட்காரவைப்பேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை, ராத்திரி முழுக்க நீர்மட்டம் குறைகிறதா என்று அளவெடுக்கிறான். காலையில் வீட்டுக்கு வந்தால் அப்பா கிணற்றில் வாளியை விட்டுக் கயிற்றுக்கு இன்னொரு முழம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீங்களும் பேசவைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. நெய்வேலிக்காரர்கள் வீட்டு விலாசம் சொன்னால் முதலில் வட்டம் எண்தான் வரும்; குடியிருப்புப் பகுதியை (பிளாக்) அங்கே வட்டம் என்பார்கள். நாயகனை வெறும் தெருப் பெயர் சொல்லவைத்தால் அங்குள்ள வாசகர் உடனே பிடித்துவிடுவார். கதையை முடித்ததும் அனுப்புங்கள்.