தாய்க்கு ஒரு எண், பிள்ளைக்கு ஒரு எண்

கேள்வி: அமெரிக்கக் காப்பீட்டுக் கோப்புகளில் தாயும் குழந்தையும் தனித்தனி எண்கள்தான், பெயர் கிடையாது. கர்ப்பத்தில் எடுத்த மருந்து குழந்தையைப் பாதித்ததா என்று அதில் எப்படிப் பார்க்கிறார்கள்?
– புள்ளியியல் மாணவி, சேலம்

பதில்: குடும்ப எண்ணைப் பிடித்துத்தான். நிறுவனக் காப்பீட்டில் சந்தாதாரர் எண், மெடிகெய்டில் (குறைந்த வருமானத்தாருக்கான அரசுக் காப்பீடு) கேஸ் நம்பர். இரண்டும் பெரும்பாலும் ஒரு வீட்டாருக்குப் பொது. முதலில் இசட்37 குறியீடு (தாயின் பிரசவ முடிவைச் சொல்வது) உள்ள பிரசவ கிளெய்மை, அதாவது காப்பீட்டுக்கு அனுப்பிய செலவுப் பதிவை, எடுக்க வேண்டும். அதே குடும்ப எண்ணில், அந்தத் தேதியை ஒட்டிப் பிறந்த பிள்ளையைத் தேட வேண்டும். பிள்ளையின் கிளெய்மில் இசட்38 (உயிருடன் பிறந்த குழந்தைக்கான குறியீடு) இருந்தால் நம்பலாம். இரட்டையர் என்றால் ஒரு தாய்க்கு இரு வரிசை வரும். கணக்கில் அவர்களை ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத ஆட்களாக எண்ணக் கூடாது.

சிக்கல் இணையாமல் போனவர்களிடம்தான். அப்பாவின் தனிக் காப்பீட்டில் சேர்ந்த குழந்தை தாயின் குடும்ப எண்ணில் இருக்காது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிறந்த சில மணி நேரத்தில் இறந்த குழந்தைக்குத் தனி எண்ணே போடாமல் விட்டிருக்கலாம். மருந்தால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களே விடுபட்டால், மருந்து அப்பாவியாகத் தெரியும். எத்தனை சதவீதம் இணைந்தது என்பதோடு நிற்காமல், இணையாத தாய்மார் வயதிலும் நோயிலும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள்.

முதல் சில வாரச் செலவு தாயின் எண்ணிலேயே ஏறிவிடுவதும் உண்டு. அங்கே 'பிறவி இதயக் குறைபாடு' என்று கண்டால், அது தாயுடையதா, பிள்ளையுடையதா? பிரசவத்துக்கு முன்பே அதே குறியீடு இருந்தால் பெரும்பாலும் தாயுடையதுதான். ஒரே ஒரு கிளெய்மை நம்பாமல், வேறு தேதியிலும் அது வருகிறதா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று பார்ப்பது வழக்கம்.

அடுத்தது கர்ப்பக் கணக்கு. 2015 அக்டோபரில் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டு முறை அமெரிக்காவில் வந்த பிறகு இசட்3ஏ குறியீடு கர்ப்ப வாரத்தையே சொல்கிறது. அதற்கு முந்தைய கோப்புகளில் குறைப்பிரசவத்துக்கு சுமார் 35 வாரம், மற்றதற்கு சுமார் 39 வாரம் என்று பின்னோக்கி எண்ணுவார்கள். இரண்டு வாரம் பிசகினால், இதயம் உருவாகும் நாட்களில் மருந்து எடுத்தவர் எடுக்காதவர் பட்டியலுக்குப் போய்விடுவார். மருந்தை வாங்கியதற்குத்தான் கிளெய்ம் உண்டு, விழுங்கியதற்கு இல்லை.

கேள்வி: பெயர் இல்லாவிட்டாலும், ஊரும் தேதியும் அரிய நோயும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடாதா?

பதில்: தெரியலாம். அதனால்தான் தேதிகள் உள்ள கோப்பை ஒப்பந்தம் போட்டே தருகிறார்கள். மெடிகெய்டு தரவை வழங்கும் அரசு அமைப்பான சி.எம்.எஸ்., 1 முதல் 10 வரை ஆட்கள் உள்ள அட்டவணைக் கட்டத்தின் எண்ணிக்கையை வெளியிட விடுவதில்லை. மொத்தத்திலிருந்து கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும்படியும் அட்டவணை இருக்கக் கூடாது. பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.