காசல்ரீயில் பறவை இல்லையா?

அன்புள்ள அக்கா,

நவம்பரில் நண்பர்களோடு ஹட்டனுக்கு ரயிலேறி, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போனோம். வலசைக் காலம் என்பதால் வாத்துக் கூட்டங்களைப் பார்க்கலாம் என்று பைனாகுலரும் இரவல் வாங்கியிருந்தோம். காலை முழுக்க அணைக்கட்டுப் பக்கம் நின்றும் நாலைந்து நீர்க்காகங்களும் ஒரு கொக்கும்தான். மலையகத்துக்கு வலசைப் பறவைகள் வருவதில்லையா?

ர., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

வருகின்றன, நிறையவே வருகின்றன. நீங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அவை உங்கள் முதுகுப் பக்கம் தேயிலைக்குள் இருந்திருக்கும்.

வாத்துக்கும் கரைப்பறவைக்கும் ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், அலகை விட்டுத் துழாவச் சேறு வேண்டும். மன்னாரிலும் தெற்கே பூந்தலவிலும் அது இருக்கிறது. காசல்ரீ, கெசல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965இல் மின்சாரத்துக்காகக் கட்டியது. சரிவான பள்ளத்தாக்கு நிரம்பிய இடம் என்பதால் கரையை விட்டு இறங்கினாலே ஆழம். மின் உற்பத்திக்காக நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஓரத்தில் கோரையும் தாமரையும் பிடிப்பதில்லை. வாத்து அங்கே வந்து என்ன சாப்பிடும்?

மலைக்கு வருபவை பெரும்பாலும் சின்னப் பறவைகள். அடுத்த முறை அணையை விட்டுவிட்டு, ஓடைகள் வந்து சேரும் இடத்துக்குப் போங்கள். ஈரப் பாறையில் சாம்பல் வாலாட்டி நிற்கும். முதுகு சாம்பல், வாலடி நல்ல மஞ்சள். அது நின்றாலும் வால் நிற்காது. பின்னுடம்பே மேலும் கீழும் ஆடும். சட்டென்று எம்பி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே கல்லில் வந்து உட்காரும். இமயமலையிலும் அதற்கு அப்பாலும் ஓடைக்கரையில் கூடு கட்டுகிற பறவை, இத்தனை தூரம் வந்தும் ஓடையைத்தான் தேடுகிறது. எனக்கு அதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

அப்புறம் தேயிலைச் செடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளைக் கவனியுங்கள். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டிய பழுப்புக் கீச்சான் கரகரவென்று கத்தும். சைபீரியா பக்கத்துப் பறவை. ஒரு இடத்தைப் பிடித்தால் திரும்பிப் போகும்வரை அதை விடாது.

இன்னும் மேலே, நுவரெலியா விக்டோரியா பூங்காவில், காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்கலாம். ஆணின் தொண்டையிலும் மார்பிலும் செம்மஞ்சள், அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு. கூடு கட்டுவது காஷ்மீரை ஒட்டிய இமயமலைப் பகுதியில் மட்டும். குளிர்காலத்துக்கு அதற்கு இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையும் நம் மலைநாடும்தான். ஆகவே மலையில் ஓடையோரப் புதரை வெட்டித் துப்புரவாக்குவதைக் கண்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. கொழும்பு குடிக்கும் களனி ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஓடைகளிலிருந்து வருவதுதான்.

முதல் நாளே போய் ஹட்டனில் தங்கிவிடுங்கள். விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம், வெயில் ஏறினால் எல்லாம் புதருக்குள் போய்விடும். வாத்துதான் வேண்டுமென்றால் ஜனவரியில் மன்னாருக்குப் போய் வங்காலைச் சரணாலயத்தைப் பாருங்கள். அங்கே பைனாகுலர் இருந்தால் போதும், தேடி அலைய வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா