‘நான் இன்னார்’ என்று நம்பியிருந்தது போய்விட்டது, இனி எதற்காக வாழ்வது?

எதை இழந்தீர்கள் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. பல வருடம் செய்த வேலையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். எனக்குப் போனது குரல்.

ஒன்பது வயதிலிருந்து பாடினேன். எங்கே போனாலும் ‘நல்லா பாடுமே, அந்தப் பொண்ணு’தான். 38 வயதில் தைராய்டில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். குரல்நாணை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டி, பின்பக்கமாகப் போகிறது. அதில் அடிபட்டால் நாண் அசையாது. எனக்கு இடது பக்கம் அசையவில்லை. கண் விழித்து ‘தண்ணி’ என்று கேட்டேன், பாதி காற்றுதான் வந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்டியை எடுத்தே ஆக வேண்டியிருந்தது, இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

நரம்பு தானாகத் தேறுவதென்றால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தேறிவிடும் என்றார்கள். அந்த ஒரு வருடமும் சும்மா காத்திருந்தேன். பாட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டேன். பேச்சு ஓரளவு திரும்பியது, பாட்டு வரவில்லை.

அப்போது பார்த்த ஆலோசகர்தான் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் எழுதியதைப் பற்றிச் சொன்னார். வேறு எதையும் தேடிப் பார்க்காமலே ஓர் அடையாளத்தில் உறுதியாகிவிடுவதை மார்சியா தனி நிலையாகப் பிரித்துச் சொல்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் விரும்பித்தானே பாடினேன்? அந்த விருப்பம் உண்மை என்று இன்றும் சொல்வேன். ஆனால் பாட்டைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

குரல் பயிற்சியில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் தருவார்கள். ஸ்ட்ரா நுனியைத் தண்ணீருக்குள் வைத்து, ‘ஊ’ என்று குரல் கொடுத்தபடியே ஊத வேண்டும். குமிழி ஒரே சீராக வரவேண்டும். ஒரு நாள் பக்கத்தில் ஓர் ஆசிரியர், வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர், ஊதிக்கொண்டிருந்தார். குமிழி விட்டு விட்டு வந்தது. மூச்சு தீர்ந்த பிறகும் தொண்டையால் தள்ளுகிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. “சார், மூச்சு தீர்றதுக்கு முன்னாடியே நிறுத்திப் பாருங்க” என்றேன். மூன்றாவது தடவை சீராக வந்தது. “நீங்க இங்க வேலை பாக்குறீங்களாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ‘பாடகி’ என்ற வார்த்தை வாய் வரை வந்தது. சொல்லத் தேவைப்படவில்லை.

அன்று இரவு ஒரு வருடத்துக்குப் பிறகு பாட்டுக் கேட்டேன். என் காது அப்படியேதான் இருந்தது.

இப்போது வாரம் இரண்டு நாள் ஆசிரியர்களுக்கு மூச்சையும் குரலையும் பழக்கிக் கொடுக்கிறேன், அங்குள்ள குரல் சிகிச்சையாளரின் மேற்பார்வையில்தான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஸ்ட்ராவை எடுக்க வேண்டாம். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நாள் முழுக்க ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசச் சொல்கிறார்கள், ஒரு சின்ன மைக் வாங்கிக் கொடுக்க மனம் வருவதில்லை. குரல் போனால் ‘வெந்நீர் குடிங்க’ என்கிறார்கள். தொழிலால் குரல் கெடுகிறவர்களில் ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அது யாருக்கும் ஒரு விஷயமாகவே தெரிவதில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கும் 1997-இல் செய்த தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாட்டுக்குரல் போனது. பிறகு மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்கு நிறையப் புத்தகங்கள் எழுதினார். புகழும் வசதியும் இருந்தவரால் முடியும் என்பீர்கள், இருக்கலாம். என்னிடம் இரண்டும் இல்லை. நோக்கத்தைத் தேடி நான் எங்கும் போகவும் இல்லை. பாடகி இடத்தில் வைக்க உடனே இன்னொரு பெயர் தேடியிருந்தால், அந்தக் குமிழிச் சத்தம் காதில் விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். இன்றுவரை ‘பயிற்சியாளர்’ என்று போட்டுக்கொள்ளாததும் அதனால்தான்.

என்ன வேலை செய்தீர்கள், அதில் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடுவது எது? கீழே எழுதுங்கள், பேசலாம்.