மிளகுக்கொடி : சில்வர் ஓக் :: புடலங்கொடி : ?

இந்த முறை சேலம் பக்கமிருந்து வந்த கேள்விகள் எல்லாமே அனாலஜி, அதாவது சொல் ஒப்புமைக் கேள்விகளைப் பற்றியவை. முதல் ஜோடிக்குள் இருக்கும் உறவே இரண்டாவது ஜோடியிலும் வரும்படி, விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் எழுதப்போகிறவர்களும், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயல்கிறவர்களும் கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு விடைகளில் இரண்டு சரியாகவே தெரிகின்றன. யோசித்து யோசித்துக் கடைசியில் தப்பானதைத்தான் குறிக்கிறேன். என்ன செய்வது? (நாகலூர், ஏற்காடு)

உங்கள் ஊர் எஸ்டேட்டிலிருந்தே ஒரு கேள்வி போடுகிறேன். மிளகுக்கொடி : சில்வர் ஓக் :: புடலங்கொடி : ? விடைகள்: தோட்டம், பந்தல், விதை, பூசணிக்கொடி.

முதல் ஜோடியைப் பார்த்ததும், "இரண்டும் எஸ்டேட்டில் இருக்கும்" என்று நினைத்தீர்களானால் தோட்டம் சரி போலத் தெரியும், பூசணிக்கொடியும் சரி போலத் தெரியும். "மிளகுக்கொடி சில்வர் ஓக்கைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும்" என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். அதே வாக்கியத்தில் புடலங்கொடியை வைத்தால் பந்தல் மட்டும்தான் உட்காரும். பூசணிக்கொடி எதற்காக அங்கே இருக்கிறது என்றால், ஜாடை ஒத்த பொருளைத் தேடுகிறவர்களைப் பிடிப்பதற்காக. புடலை மாதிரி இருப்பது எது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. மிளகுக்கும் மரத்துக்கும் நடுவில் என்ன உறவோ, அந்த உறவு வேறு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. என்னிடம் படிக்க வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், சொல் தெரியாமல் அல்ல.

அதனால் விடைகளைப் படிக்கும் முன்பே வாக்கியத்தை முடித்துவிடுங்கள். புத்தகத்தில் பயிற்சி செய்யும்போது விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளலாம். வாக்கியத்துக்கு இரண்டு விடை பொருந்தினால் அது தொளதொள என்று இருக்கிறது; "எதற்கு, எப்படி" என்று கேட்டு இறுக்குங்கள். ஒன்றுமே பொருந்தவில்லையா? அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். "மிளகுக்கொடி மரத்தில் ஏறும்" என்று வைத்திருந்தால் பந்தல் மரமில்லையே என்று விட்டுவிடுவீர்கள். "பற்றிக்கொண்டு ஏறும்" என்று கொஞ்சம் தளர்த்தினால் வழி கிடைக்கும். இப்படி இறுக்கியும் தளர்த்தியும் பழகுவதுதான் முழுப் பயிற்சியுமே.

பழைய புத்தகக் கடையில் ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் அனாலஜி மட்டுமே பல பக்கங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா? (செவ்வாய்பேட்டை, சேலம்)

ஜிஆர்இ-க்காக என்றால் வேண்டாம். 2011 ஆகஸ்டில் தேர்வு மாறியபோதே அனாலஜியையும் எதிர்ச்சொல்லையும் எடுத்துவிட்டார்கள். இப்போது மொழிப் பகுதியில் கோடிட்ட இடம், ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுப்பது, பத்தி படித்துப் பதில் சொல்வது ஆகியவைதான். அனாலஜியையே முழுத் தேர்வாக வைத்திருந்த அமெரிக்காவின் மில்லர் தேர்வும் 2023-இல் நின்றுவிட்டது. அதையும் சுருக்கமாக மேட் என்பார்கள். நம் ஊரில் எம்பிஏ-வுக்கு எழுதும் மேட் வேறு; அது இன்னும் நடக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்பிப் புத்தகம் வாங்காதீர்கள்.

சரி, வாங்கிய புத்தகம் வீணா? நெட் எழுதுவதாக இருந்தால் வீணில்லை. முதல் தாளின் தர்க்கப் பகுதியில் அனாலஜி இருக்கிறது. 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி சேர்க்கையும் நடக்கிறது.

தமிழ் வழியில் படித்தவள் நான். நெட் முதல் தாள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வருகிறது. எனக்கு இது கைகூடுமா? (ஓமலூர்)

கட்டாயம் கைகூடும். கேள்வி ஆங்கிலத்தில் இருந்தாலும் வாக்கியத்தைத் தமிழில் போட யாரும் தடுக்கப்போவதில்லை. ஓர் உதாரணம்: டெம்பர் : ஸ்டீல் :: டேன் : ? விடைகளில் ஹைட் என்று ஒன்று இருக்கிறது. டெம்பர் என்றால் கோபம், ஹைட் என்றால் ஒளிந்துகொள் என்று மட்டும் தெரிந்தவருக்குக் கேள்வியே பிதற்றலாகத் தெரியும். அங்கே நின்று, "ஸ்டீலை என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். உருக்காலை இருக்கும் ஊர்க்காரருக்குப் பதில் சட்டென்று வரும்: பதப்படுத்துவார்கள். டேன் என்பது தோலைப் பதனிடுவது. ஹைட் என்றால் விலங்குத் தோல் என்றும் ஒரு பொருள் உண்டு. முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் "பதம்" என்ற சொல்லை உங்கள் தமிழே எடுத்துக் கொடுத்துவிட்டது.

தெரிந்த சொல் அபத்தமாகத் தெரிந்தால் அதற்கு இன்னொரு பொருள் இருக்கிறதென்று சந்தேகப்படுங்கள். நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் குறிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

என்னென்ன உறவுகள் வரும் என்று பட்டியல் தர முடியுமா? (மேட்டூர்)

பட்டியல் உங்களிடமே இருக்கிறது. பள்ளியில் படித்த ஆகுபெயரை எடுத்துப் பாருங்கள். "தலைக்கு ஒரு பழம்" என்பதில் உறுப்புக்கும் முழுமைக்கும் உள்ள உறவு. "டிசம்பர் சூடினாள்" என்பதில் காலத்துக்கும் பூவுக்கும். "மஞ்சள் பூசினாள்" என்பதில் பண்புக்கும் பொருளுக்கும். ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகி வர வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் ஓர் உறவு இருந்தாக வேண்டுமே! நம் இலக்கணம் அந்த உறவுகளை வகை பிரித்து வைத்திருக்கிறது. கருவி, காரியம், கருத்தா வரைக்கும் அதில் உண்டு. அதில் அடங்காததும் உண்டு: அளவில் ஏறுவது. தூறல் : பெருமழை என்பது போல.

முதல் சொல்லுக்கும் இரண்டாவதற்கும் உறவு பிடிபடவில்லையென்றால் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். மேட்டூர் அணை : வைகை அணை :: சேலம் : ? என்று வந்தால் அப்படித்தான் போக வேண்டும். மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில், வைகை அணை தேனி மாவட்டத்தில். "ஆறு ஓடும் ஊர்" என்று மேலோட்டமாக நினைத்தவர் மதுரையைக் குறித்துவிட்டுப் போவார்.

நெட் பாடத்திட்டத்தில் உபமானம் என்றும் வருகிறது, அனாலஜி என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே? (ஆத்தூர்)

இல்லை. இந்தியத் தத்துவப் பிரிவுகளில் ஒன்றான நியாய தரிசனத்தில் அறிவு பெறும் வழிகள் நான்கு: காட்சி, அனுமானம், உபமானம், சப்தம் (நம்பத்தகுந்தவர் சொல்). "பசுவைப் போல ஒரு விலங்கு காட்டில் உண்டு, அதற்குக் கவயம் என்று பெயர்" என்று கேள்விப்பட்ட ஒருவர், பின்னால் காட்டில் அதைக் கண்டதும் "ஓ, இதுதான் கவயம்" என்று தெரிந்துகொள்கிறாரே, அதுதான் உபமானம். அங்கே பசுவும் கவயமும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். அனாலஜியில் அந்த அவசியமில்லை. ஸ்டீலுக்கும் தோலுக்கும் என்ன ஜாடை?

முழுமை : பகுதி, பகுதி : முழுமை, இதில் அடிக்கடி சறுக்குகிறேன். (சேலம்)

வாக்கியத்தை எப்போதும் முதல் சொல்லில் தொடங்குங்கள். கொலுசு : சலங்கை என்று வந்தால், "கொலுசில் சலங்கை ஒரு பகுதி" என்று தொடங்குங்கள்; இதழ் : பூ என்ற விடை தலைகீழ் என்று அப்போதே தெரிந்துவிடும்.

தினமும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். தனியாகப் படிக்க நேரமே இல்லை. (அஸ்தம்பட்டி, சேலம்)

அந்த மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. போனைப் பார்த்துக்கொண்டு போனால் தலை சுற்றும், எடுத்து உள்ளே வையுங்கள். ஏறும்போது ஒரு வளைவுக்கு ஒரு ஜோடி: காபிப்பழம் : கொட்டை, பனி : முகப்பு விளக்கு, இப்படி ஜன்னலில் தெரிவதை எடுத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சாயங்காலம் இறங்கும்போது காலையில் சொன்ன வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் பொருந்தும் புது ஜோடி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இறங்குவதுதான் கடினம். முதல் வாரம் ஐந்தாறு வளைவுக்கு மேல் வராது. விடாமல் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.